கண்ணாடியில் போட்ட சிவப்புக் கோடு

வெசெலி ஊரில் அடிக்கிற காற்றுக்கு, கோழி இடுகிற முட்டை தரையைத் தொடுவதற்குள் அடுத்த மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் காற்றில் பிறந்து, அதிலேயே அறுபத்து மூன்று வயது வரை நிமிர்ந்து நடந்த ஆர்டித் ஹ்ரூஸ்கா, ஒரு செப்டம்பர் காலையில் ஒற்றைத் தாளுக்குப் பயந்து மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மாநில வரி அலுவலகத்திலிருந்து வந்த தாள். அக்டோபர் முதல் விற்பனை வரியைக் காசோலையாக அனுப்பக் கூடாது. கடைக்காரர்கள் எல்லாரும் கணினியிலோ தொலைபேசியிலோதான் கட்ட வேண்டும். தவறினால் அபராதம், தொடர்ந்து தவறினால் உரிமம் ரத்து. அவ்வளவுதான் இருந்தது. கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஆர்டித் ஏழு முறை படித்தாள். ஏழாவது முறை படிக்கும்போது அவை தாளைவிட்டு எழுந்து, கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கிய உரிமத்தைக் கழற்றப் போவதுபோல் அவளுக்குத் தெரிந்தது. அந்த உரிமம் அவளுடைய கல்யாணப் போட்டோவைவிட ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. கல்யாணத்தை ரத்து செய்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டாள்.

அவள் கடையில் ஒரு பக்கம் பாலும் ரொட்டியும், மறுபக்கம் ஆணியும் கயிறும் குழாயும். வெசெலியின் ஜனத்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு. வியாபாரம் என்று சொல்ல நாலே நாலு: ஆர்டித்தின் கடை, கஸ் ஷிமெக்கின் மதுக்கடை, முடி திருத்தும் இடம், ரயில் பாதையோரத் தானியக் கோபுரம். இதில் ஊருக்குச் சேர வேண்டிய வரியில் முக்கால் பங்கு ஆர்டித்தின் கல்லாவில்தான் விழும்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதே அக்டோபர் முதல் தேதியில்தான் ஊர் வரியும் ஏறுகிறது. ஒரு சதவீதமாக இருந்ததை ஒன்றரை ஆக்க ஊரே வாக்களித்திருந்தது. வாக்களிக்க வைத்தவளே ஆர்டித்தான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். இரண்டு கதவுகள் தட்டிய தட்டில் கீலோடு விழுந்ததாகச் சொல்வார்கள்.

எல்லாம் சங்குக்காக. சுழல்காற்று வந்தால் ஊரை எழுப்புகிற அபாயச் சங்கு அது. முந்தின மே மாதம் தென்மேற்கில் வானம் பச்சையாகி, மேகம் வாலைத் தொங்கவிட்டபோது, தீயணைப்பு நிலையத்துச் சங்கு வயிற்றுவலிக் கன்றுக்குட்டிபோல் ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது. அன்றைக்கு மதுக்கடைக்காரர் கஸ்தான் தன் வண்டியின் ஒலிப்பானை அழுத்தியபடியே தெருத் தெருவாகச் சுற்றி, எல்லாரையும் நிலவறைக்குள் இறக்கினார். கடைசி வீட்டுக்கு அவர் போனபோது கூரை கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் ஜாடிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கஸ் அவளையும் ஜாடிகளையும் சேர்த்து ஒரே அணைப்பில் தூக்கிக்கொண்டு படியில் உருண்டார். அவருக்கு விலா எலும்பு மூன்று போயிற்று. ஜாடி ஒன்றுகூட உடையவில்லை.

அதற்குப் பிறகு ஆர்டித்துக்கு மேகம் கறுத்தாலே கண் நிலவறைப் படியைத் தேடியது. அடுத்த வசந்தத்துக்குள் புதுச் சங்கு ஏற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

ஆக, முதல் மாத வரியைக் கட்ட வேண்டிய நவம்பர் இருபதாம் தேதி, அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். டிராக்டர் உதிரிபாகம் பார்ப்பதற்காக அவள் கணவன் லூமிர் வாங்கிய கணினி அது. லூமிர் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுகிறவர். அதில் ஆறை ஒரே மூச்சில் செலவழித்தார்.

"பயந்துகிட்டே தட்டு. தட்டாம பயந்தா அபராதம் ஏறும்."

அவள் தட்டினாள். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, அடுத்த எழுத்தைத் தட்டினாள். கடை முகவரி கேட்டது. வெசெலி என்று கொடுத்தாள். கணினி ஒரு கணம் யோசித்து, அஞ்சல் குறியீட்டைப் பார்த்து, 'வெசெலி' என்பதை அழித்துவிட்டு 'டன்மோர்' என்று திருத்தியது. சரிதானா என்றும் கேட்டது.

டன்மோர் கிழக்கே எட்டு மைல். வெசெலியின் அஞ்சல் நிலையத்தை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் மூடியபோது, ஊர்க் கடிதங்களையெல்லாம் டன்மோரோடு சேர்த்துவிட்டார்கள். மின்கட்டண ரசீதிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை வெசெலிக்காரன் பெயருக்குக் கீழே டன்மோர் என்றுதான் அச்சாகி வரும். அதுவும் எந்த டன்மோர்? ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்த கால்பந்துப் போட்டியின் கடைசி நொடியில், பந்து கோட்டைத் தாண்டியது என்று சாதித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன டன்மோர். வெசெலிக்காரர்களைக் கேட்டால் அந்தப் பந்து இன்னும் கோட்டைத் தொடவே இல்லை. டன்மோர் ரொட்டிக்கடையில் ஒரு துண்டு வாங்கித் தின்றதற்காக நின்றுபோன நிச்சயதார்த்தங்கள் உண்டு.

அதனால் வெசெலியில் ஒரு வழக்கம் இருந்தது. டன்மோர் என்று எதில் அச்சாகியிருந்தாலும் சிவப்புக் கோடு போட்டு அடித்து, மேலே வெசெலி என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. ரசீதானாலும் மருத்துவர் சீட்டானாலும் மாநில அரசு படிவமானாலும் அப்படித்தான். ஆர்டித் தகர டப்பாக்களில் விலை எழுதுகிற சிவப்பு மெழுகுப் பென்சிலைக் காதில் செருகியே வைத்திருப்பாள். வரிப் படிவத்தில் மாதாமாதம் ஒன்றுக்கு இரண்டு கோடாக அடித்து அனுப்பினாள். மாநில அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கோட்டைப் புரிந்துகொண்டு இத்தனை வருஷமும் பணத்தை வெசெலிக்கே சேர்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது தாள் இல்லை. திரையில் டன்மோர் என்று பளீரென நின்றது. ஆர்டித் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். கணினித் திரையின் கண்ணாடியிலேயே, டன்மோர் மேல் அழுத்தமாக இரண்டு கோடு போட்டாள். பக்கத்தில் கோணல்மாணலாக வெசெலி என்றும் எழுதினாள். அது உள்ளே போகாது என்று தெரியாதவள் இல்லை அவள். ஆனால் அடிக்காமல் விட்டால் அன்றிரவு தூக்கம் வராது. மேலும், அது கடிதம் வந்துசேரும் ஊரைத்தானே கேட்கிறது, கடை எங்கே இருக்கிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரியாதா என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அப்புறம் 'சரி' என்பதை அழுத்தினாள். டன்மோரிலும் ஊர் வரி ஒன்றரை சதவீதமே. ஆகவே கணக்கு ஒரு காசு பிசகாமல் பொருந்தியது. கணினி நன்றி சொன்னது.

டிசம்பரில் அதே கோட்டின் மேல் மறுபடி கோடு. ஜனவரியில் மறுபடி. பிப்ரவரிக்குள் அந்த இடத்தில் மெழுகு தடித்து, கண்ணாடியில் காயம் ஆறிய தழும்புபோல் புடைத்து நின்றது.

பிப்ரவரிக் கடைசியில் ஊர் எழுத்தர் டார்லா பெனெஷ் கடைக்கு வந்து, பாலை வாங்கிக்கொண்டு, அதைக் கையிலேயே வைத்தபடி நின்றாள். டார்லா பதற்றமாக இருந்தால் எதையாவது ஏந்திக்கொண்டு நிற்பாள். மாநிலத்திலிருந்து ஊருக்கு வருகிற வரிப் பங்கின் விவரம் வந்திருப்பதாகவும், தானே மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டதாகவும் சொன்னாள்.

"வரியைக் கூட்டினோம் ஆர்டித், வருமானம் குறைஞ்சிருக்கு. வர வேண்டியதுல கால்வாசிதான் வந்திருக்கு. யாரோ ஜனங்ககிட்ட வாங்கிட்டு, கட்டாம முழுங்குறாங்க."

ஆர்டித்துக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"கஸ்தான், வேற யாரு? அந்த மனுஷன் கணக்கையே சுருட்டு டப்பாவுல வெச்சிருக்கார்."

அவ்வளவுதான் சொன்னாள். கஸ் மொத்தத்தையும் விழுங்கினாலும் அவ்வளவு குறையாது என்று யாரும் கணக்குப் போடவில்லை. வெசெலியில் ஒரு சொல்லை விட்டால் அது காற்றைவிட வேகமாகப் போகும். மதியத்துக்குள் முடி திருத்தும் இடத்திலும், மாலைக்குள் தானியக் கோபுரத்திலும், மறுநாள் தேவாலய வாசலிலும் கஸ் திருடனாகிவிட்டார். அவர் புது வண்டி வாங்கப் போகிறார் என்றார்கள். வாங்கிவிட்டார், ஒளித்து வைத்திருக்கிறார் என்றார்கள். ஃப்ளோரிடாவில் கடற்கரை வீடு, அதில் ஒரு முதலை வளர்க்கிறார் என்று முடித்தார்கள். மதுக்கடையில் நாற்காலிகள் காலியாயின. மேயரும் தீயணைப்புத் தலைவரும் ஒருவரே; பெயர் டெல்பர்ட். இரண்டு தொப்பியும் அவரிடமே இருந்ததால், மார்ச் மூன்றாம் வியாழக்கிழமை ஊர்க் கூட்டத்தில் கஸ்ஸின் கணக்கைத் தணிக்கை செய்ய மாநிலத்தைக் கேட்டுத் தீர்மானம் போடுவது என்று இரண்டு தொப்பியையும் மாற்றி மாற்றி அணிந்து அறிவித்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு கஸ் பல்பு வாங்க வந்தார். எப்போதும்போல் சிரித்தார். ஆனால் சிரிப்பு மீசைக்கு மேலே ஏறவில்லை.

"சில்லறையை நல்லா எண்ணிக் கொடுங்க அம்மணி. வாங்குறது திருடனாச்சே."

அவர் போன பிறகுதான் ஆர்டித் தன் வரிச் சீட்டுகளை எடுத்தாள். தான் கட்டியதெல்லாம் சரியாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து நிம்மதி அடையத்தான் எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அச்சிட்டு ஆணியில் குத்தி வைத்த சீட்டுகள். இதுவரை தொகையைத் தவிர எதையும் படித்ததில்லை. இப்போது தொகைக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது.

உள்ளூர் வரி சேரும் ஊர்: டன்மோர்.

முதலில் அவள் காது குளிர்ந்தது. அப்புறம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். மாவு மூட்டையைத் தேடி உட்கார்ந்தாள், மூட்டை விற்றுப்போய் இரண்டு நாளாகியிருந்தது, தரையில் விழுந்தாள். தரையிலிருந்தபடியே அடுத்த சீட்டைப் பார்த்தாள். டன்மோர். அடுத்ததும் டன்மோர். கணினித் திரையில் அவள் போட்ட கோடுகள் மட்டும் பத்திரமாக இருந்தன.

நாலு மாதப் பணம். ஊரின் சங்கு. ஏப்ரல் முதல் தேதிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் சங்குக் கம்பெனி ஆர்டரை ரத்து செய்யும். அப்புறம் அடுத்த வருஷம்தான். வானம் பச்சையாக இன்னும் ஆறு வாரம்கூட இல்லை.

வரி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிஷம் இசை கேட்டாள். அந்த இசைக்கே பாதி உயிர் போயிற்று. பிறகு வந்த பெண் குரல் கனிவாகத்தான் பேசியது. திருத்தப் படிவம் கொடுக்கலாமாம்; தண்டனை ஒன்றும் இல்லையாம்; ஆனால் டன்மோரின் பங்கில் பிடித்துக்கொண்டு வெசெலிக்குத் திருப்ப மூன்று மாதம் ஆகுமாம். மூன்று மாதம் என்றால் ஜூன். ஆர்டித் நன்றி சொல்லி வைத்துவிட்டு, தன்னைத் தவிர இந்த ஊரில் வேறு யாருக்கும் இது தெரியாது என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டு படிவத்தை மட்டும் அனுப்பிவிட்டால்? தணிக்கைக்காரன் வந்து கஸ்ஸின் சுருட்டு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போய்விடுவான். பணமும் ஜூனில் வந்துவிடும். யாருக்கும் காரணம் தெரியவே தெரியாது.

இதை லூமிரிடம் சொன்னாள். அவர் குழாய் மூட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். அன்றைக்கு அவர் ஒரே ஒரு சொல்தான் பேசினார்.

"சொல்லிடு."

இரண்டு நாள் ஆர்டித் சாப்பிடவில்லை. வாசலில் நிழல் தட்டினால் போலீஸ் என்று நினைத்தாள். ஒருதரம் நிழல் தன்னுடையதாகவே இருந்தது. அவள் பயம் ஊரில் பரவி, கறவை மாடுகள் பால் வற்றியதாகப் பின்னால் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

வியாழக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். மேஜையில் காப்பியும், கொடிமுந்திரி வைத்த கொலாச்சி ரொட்டிகளும். நூற்றெண்பது பேர் வந்திருந்தார்கள். மிச்சம் பேர் கைக்குழந்தைகள் அல்லது படுக்கையில் கிடப்பவர்கள். அவர்களிலும் இருவர் கட்டிலோடு வந்திருந்தார்கள். கஸ் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி எட்டு நாற்காலிகள் காலி. டெல்பர்ட் மேயர் தொப்பியோடு தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தார். கஸ்ஸின் பெயர் வருகிற இடத்தில் ஆர்டித் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

"நிறுத்துங்க டெல்பர்ட். அதைக் கிழிச்சுப் போடுங்க. கஸ் ஒழுங்கா கட்டியிருக்கார். நான்தான் கட்டல. கட்டலன்னு இல்ல, கட்டினேன். நாலு மாசமும் டன்மோருக்குக் கட்டியிருக்கேன்."

வெளியே காற்றுகூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. டார்லா கையிலிருந்த காப்பிக் கெட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆர்டித் கணினியைப் பற்றியும் கண்ணாடியில் போட்ட கோட்டைப் பற்றியும் சொன்னாள். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். அந்த இடத்தில் தாங்களும் கோடு போட்டுவிட்டு அழுத்தியிருப்போம் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. கஸ்ஸுக்குத்தான் கணினியே கிடையாது. அவர் தொலைபேசியில் கட்டினார். கடை டன்மோரிலா என்று அந்தப் பக்கம் கேட்டதும் அவர் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

கஸ் மெல்ல எழுந்தார்.

"மூணு வாரமா என்னைத் திருடன்னீங்க, சரின்னு இருந்தேன். திருடியிருந்தாக்கூட ஊருக்குள்ளயே இருந்திருக்கும். டன்மோருக்கா அம்மணி?"

இப்போது சிரிப்பு வெடித்தது. ஆர்டித் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சிரிப்பிலேயே தப்பித்திருக்கலாம். ஆனால் நின்றாள்.

"இன்னொண்ணும் இருக்கு கஸ். உங்க பேரை முதல்ல சொன்னதே நான்தான்."

சிரிப்பு நின்றது. கஸ் மேஜைக்குப் போனார். ஒரு கொலாச்சியை எடுத்தார். அது ஆர்டித் சுட்டது என்று அவருக்குத் தெரியும். திருப்பித் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

டெல்பர்ட் மேயர் தொப்பியைக் கழற்றித் தீயணைப்புத் தொப்பியை அணிந்தார். பணத்தை யார் அனுப்பினார்களோ அவர்களே போய் வாங்கிவரட்டும் என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னார். ஒருமனதாக நிறைவேறியது.

எட்டு மைலை ஆர்டித் ஒரு மணி நேரம் ஓட்டினாள். டன்மோரின் எல்லைப் பலகையைப் பார்த்ததும் கை பழக்கத்தில் பென்சிலைத் தேடிப் போயிற்று. டன்மோரின் மேயர் மோரீன் கோரிகன் என்ற அம்மாள். மேயராவதற்கு முன்பு அந்த ஊர் அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவள். ஆர்டித் பெயர் சொல்வதற்கு முன்பே மோரீன் அவள் காதிலிருந்த பென்சிலைப் பார்த்துவிட்டாள்.

"உள்ள வாங்க. இருபது வருஷமா உங்க ஊர்க் கோட்டைப் பாத்திருக்கேன். எல்லாரும் ஒரு கோடு போடுவாங்க. ரெண்டு போடுறது நீங்கதானே?"

ஆர்டித் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பைக்குள் ஒளித்தாள். எப்படியோ விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மோரீனின் முகம் வெளுத்தது. ஆர்டித் தன் வாழ்நாளில் தன்னைவிட பயந்த ஒரு முகத்தை முதல்முறையாகப் பார்த்தாள். ஜனவரியிலிருந்து மாநிலத்திலிருந்து எதிர்பாராத பணம் வந்துகொண்டிருந்ததாம். ஊர் வளர்கிறது என்று மோரீன் மேடையில் பேசியிருக்கிறாள். வளர்ந்த ஊருக்குப் பழைய சங்கின் சத்தம் போதாது என்று பெரிய புதுச் சங்கு வாங்கி ஏற்றியும் விட்டார்கள். இனி மாநிலம் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றால், அவள் ஊராருக்கு என்ன பதில் சொல்வாள்?

ஆர்டித் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பழைய சங்கு என்ன ஆச்சு?" என்று ஆர்டித் கேட்டாள்.

அது கொட்டகையில் கிடந்தது. நன்றாக வேலை செய்யும். இருநூறு பேருக்குத் தாராளமாகப் போதும். ஆர்டித் திருத்தப் படிவம் அனுப்பாமல் விடுவது, அந்தச் சங்கை டன்மோர் இன்றைக்கே கொடுப்பது, அதன் விலை போக மிச்சத்தை மட்டும் வெசெலி கேட்பது, அதையும் டன்மோர் ஒரு வருஷத்தில் மெதுவாகத் தருவது என்று இருவரும் ஒரு தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்கள். மோரீனுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. அதோடு ஊர்ப் பெருமையும் திரும்பிவிட்டது.

"ஒரு நிபந்தனை. அதுல எங்க ஊர் பேரு எழுதியிருக்கு. அழிக்கக் கூடாது, பெயிண்ட் அடிச்சு மறைக்கக் கூடாது. கோடு வேணும்னா போட்டுக்குங்க. அது இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராது. ஆனா பேரு படிக்கத் தெரியணும்."

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை, சங்கு வெசெலி தீயணைப்பு நிலையத்துக் கம்பத்தில் ஏறியது. டன்மோர் என்ற பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கன்றுக்குட்டி உயரம். ஊரே கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, திரும்பி ஆர்டித்தைப் பார்த்தது. திங்கட்கிழமை மதியம் அவளே சிவப்புப் பெயிண்டோடு வந்து நின்றாள்.

டெல்பர்ட் தீயணைப்பு வண்டியின் ஏணியை நீட்டினார். லூமிர் அடியில் பிடித்துக்கொண்டார். சங்கு வேலை செய்யும் என்று பார்த்துவிட்டார்கள். ஆனாலும் நிலையத்துக்குள் அதன் விசைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. அன்றைக்கு முறை கஸ்ஸுடையது. வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குப் பிறகு ஆர்டித்திடம் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. ரொட்டியைக்கூட டன்மோரில் வாங்கினார் என்று கேள்வி.

ஆர்டித்துக்கு உயரம் ஆகாது. நாலாவது படியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். மிச்சப் படிகளைக் கையால் தடவிக்கொண்டே ஏறினாள். மேலே போய், கண்ணைத் திறக்காமலே தூரிகையை எடுத்து, பெயரின் முதல் எழுத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தாள். கோடு பாதிவரை நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. அப்போதுதான் காற்று நின்றது.

வெசெலியில் காற்று நிற்கவே நிற்காது. அவள் கண்ணைத் திறந்தாள். நாற்பதடி உயரத்தில் இருந்ததால், கீழே யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்தது. தென்மேற்கில், தானியக் கோபுரத்துக்கு அப்பால், வானம் பழைய செம்புபோல் பச்சை பிடித்திருந்தது. அதிலிருந்து ஒரு விரல் இறங்கி, தரையைத் தொட்டு, மண்ணைக் கிளப்பியது.

இறங்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய வேகத்தில் நாலு நிமிஷம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தச் சங்கின் வாய் திறந்திருந்தது.

"கஸ், போடுங்க! வருது!"

கஸ் எழுந்து விசைக்கு ஓடினார். கையை வைத்தவர், வாசல் வழியே மேலே பார்த்தார்.

"முதல்ல நீங்க இறங்குங்க!"

"போடுங்கன்னேன்!"

கஸ் போட்டார்.

அந்தச் சத்தத்தில் ஆர்டித்தின் கொண்டை ஊசிகள் பதினொன்றும் தெறித்து, ஒன்று தபால் பெட்டியில் குத்தி நின்றது. பற்கள் ஒன்றோடொன்று இடம் மாறியதாக அவள் சத்தியம் செய்கிறாள். கை தூரிகையை விடவில்லை. கோடு மட்டும் துள்ளி, மின்னல்போல் மேலும் கீழும் வெட்டி, பெயரின் நடுவில் நின்றுபோயிற்று. அவள் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கால் தட்டுப்படும் இடத்திலெல்லாம் வைத்து இறங்கினாள். தெருக்களில் கதவுகள் திறந்து ஜனம் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. கடைசிப் படியில் இருவர் அவளைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் லூமிர். இன்னொருவர் கஸ்.

மேகம் ஊரின் தெற்கு ஓரமாகப் போனது. தானியத் தொட்டிகள் இரண்டையும், டெல்பர்ட்டின் இரண்டு தொப்பிகளையும், ஒரு பன்றியையும் கொண்டுபோயிற்று. பன்றி மறுநாள் டன்மோரிலிருந்து நடந்தே திரும்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நிலவறைகளில் உயிரோடு இருந்தார்கள். நிலையத்து நிலவறையில் ஆர்டித்துக்குப் பக்கத்தில் கஸ் உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. அவர் மறுபடி சொல்லவில்லை. யாரோ கூடையில் கொண்டுவந்திருந்த கொலாச்சியில் ஒன்றை எடுத்து, பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினார்.

சங்கில் கோடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முதல் பாதி நேராக, அப்புறம் துள்ளி, பின் பாதிப் பெயர் கோடே இல்லாமல். முடித்துவிடலாமா என்று டெல்பர்ட் கேட்டபோதெல்லாம் பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்கிறாள் ஆர்டித். அவள் கடையில் பெயிண்ட் பதினாறு டப்பா இருக்கிறது.

கணினி பக்கம் அவள் போவதில்லை. கஸ்ஸைப்போல் தொலைபேசியில்தான் கட்டுகிறாள். இருபதாம் தேதி வந்தால் இன்றைக்கும் பயம்தான். முன்னெச்சரிக்கையாக ஒரு மாவு மூட்டையை விற்காமல் வைத்திருக்கிறாள். அதில் உட்கார்ந்து எண்ணைச் சுழற்றுவாள். காதில் இன்னும் சங்கு ஒலிப்பதால் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. கடை எந்த ஊரில் என்று அந்தப் பக்கம் கேட்டதும் அவள் சொல்லும் பதில், தொண்ணூறு மைல் தள்ளியிருக்கும் வரி அலுவலகத்துக்குத் தொலைபேசி இல்லாமலே போய்ச் சேருகிறதாம்.